டாக்ஸியை விட்டு இறங்காதவர்கள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் டோரீன், என் அக்காவின் மகள். கனடாவின் மேற்குக் கடற்கரையில் பூர்வ குடிகளின் ஊர் எங்களுடையது; நவம்பரில் அங்கே நடக்கும் பெருவிருந்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சாகிறது. அகப்பை ஊருக்குத் திரும்பிய கதைக்கு அதில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். "ஒரே பக்கம் மாமா. வான்கூவர்ல இறங்கினீங்க, அருங்காட்சியகத்துக்குப் போனீங்க, பேசினீங்க, திரும்பி வந்தீங்க. இதுல என்ன கஷ்டம்?" என்றாள்.

கஷ்டம் ஒன்றுமில்லை. விமான நிலையத்திலிருந்து அந்த அருங்காட்சியகம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். முப்பது வருடம் ஊர் நிர்வாகக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதியவன் நான். யார் எழுந்தார், என்ன சொன்னார், எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று ஒரு வரியையும் அடிக்காமல் எழுதிப் பழகியவன். இந்தப் பதினைந்து கிலோமீட்டரை ஜூன் மாதத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளதைச் சொன்னால், டோரீன் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். கூட்டுறவுக் கடையில் ஒரு பேச்சு உலவுகிறது. கிழவி டாக்ஸியை விட்டு இறங்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம், டாக்ஸிக்காரன் கெஞ்சினானாம். எங்கள் வீட்டின், அதாவது எங்கள் குலத்தின், வழிவழியாக வரும் மூத்த பெயரைச் சுமப்பவளான என் அக்கா வெர்னாவைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு மூட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சிரிப்பு யார் வாயிலிருந்து கிளம்பியது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த ஆள் இந்தக் கதையில் வருவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் தம்பி அம்ப்ரோஸ், நான்தான். ஆனாலும் அவனை 'அவன்' என்றே எழுதப் போகிறேன். 'நான்' என்று எழுதினால் கை தானாகவே அவனை நல்லவனாக ஆக்கிவிடுகிறது. மூன்று பிரதிகளில் பார்த்துவிட்டேன். வேற்றாள் என்றால் சந்தேகப்படலாம். அவனைச் சந்தேகப்பட வேண்டிய இடம் வரும்.

2

முதல் தொடக்கம்: 'கர்னைல் சிங் என்கிற டாக்ஸி ஓட்டுநர் ஒரு ஏமாற்றுக்காரர்.' அடித்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: 'எங்கள் வீட்டின் முதல் மனிதர் கடலிலிருந்து கரையேறிய நாளில்—' விருந்துக்கு வருகிறவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது: 'மழை பெய்துகொண்டிருந்தது.' எங்கள் கடற்கரையில் இதை எழுதுவதற்கு ஒரு மனிதன் வேண்டுமா?

நான்காவதில் நிற்கிறேன்.

ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு பத்துக்கு வடக்கிலிருந்து வந்த சிறு விமானம் வான்கூவரின் தென்முனையத்தில் இறங்கியது. பெரிய விமானங்கள் வரும் கட்டடம் வேறு. இது சாலைக்கு அந்தப் பக்கம், மீன்பிடிக்காரர்களும் மரம் வெட்டுகிறவர்களும் பல் வைத்தியரைப் பார்க்க வருகிறவர்களும் இறங்கும் சின்னக் கட்டடம். எழுபத்தொன்பது வயது வெர்னா படியைப் பிடித்து இறங்கினாள். மடியில் வைத்துக்கொண்டு வந்த பையில், கம்பளித் துணி சுற்றிய ஒரு ஜாடி மீன்நெய். அது அருங்காட்சியகம் நிற்கும் இடத்தின் பூர்வ குடிகளுக்கு, அந்த மண்ணுக்காரர்களுக்கு, கொடுக்க. அவள் பின்னால் தம்பி அம்ப்ரோஸ். அவர்களுக்கு முன்னால் இறங்கிப் போனவர் லெஸ்டர், எங்களுக்குப் போட்டியான குலத்தின் தலைவர், மூன்று படகுகளுக்குச் சொந்தக்காரர்.

மூவரும் ஒரே பொருளுக்காக வந்திருந்தார்கள். கை நீளத்துக்கு ஒரு மர அகப்பை. கைப்பிடி முனையில் கடல்நாயின் தலை. விருந்தில் அதை எடுத்து முதல் பந்திக்கு நெய் வார்க்கும் வீடே முதல் வீடு. நூறு வருடத்துக்கு முன் எடுத்துப் போகப்பட்டு, அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. எங்களுடையது என்று நாங்களும், தங்களுடையது என்று லெஸ்டர் வீட்டாரும் கேட்டோம். இரண்டு மணிக்கு இரண்டு வீட்டாரும் வர வேண்டும், அகப்பையைப் பற்றித் தங்கள் வீட்டில் வழிவழியாகத் தெரிந்ததை, அதை வெளியே எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டும், ஒரு வீடு வராவிட்டாலும் அகப்பை பெட்டியிலேயே இருக்கும் என்று அங்கிருந்து கடிதம் வந்தது. கடைசி வரி: 'ஒன்றரை மணிக்கு வாசலில் வரவேற்கப்படுவீர்கள்.'

வெர்னா அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள்.

தென்முனைய வாசலில் லெஸ்டர் திரும்பி நின்று, மூன்று பேரும் ஒரே டாக்ஸியில் போகலாமே என்றார். நல்ல மனதோடு சொன்னது போலத்தான் இருந்தது. அம்ப்ரோஸ் நம்பவில்லை. லெஸ்டர் கைகாட்டிய வண்டியில் போய் இறங்கினால், லெஸ்டரின் படகில் வந்தவர்கள் என்று ஆகிவிடும். வேண்டாம் என்றான். அக்காவையும் டாக்ஸியில் ஏற விடாமல் ரயிலில் கூட்டிப் போகப் பார்த்தான். ஒரு முறை இந்த ஊரில் ஒரு டாக்ஸிக்காரன் அவனை ஒரே பாலத்தை இரண்டு தடவை கடக்க வைத்திருக்கிறான்.

"வேன், ரயிலு, பஸ்ஸு, அப்புறம் நடை. என் முட்டிய பத்தி நினைச்சியா நீ?" என்றாள் வெர்னா. "ரயில்ல போய் இறங்கறவங்களை யாருடா வாசல்ல வந்து வரவேற்பாங்க?"

அவள் டாக்ஸியில் ஏறினாள். அம்ப்ரோஸ் வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். தனித்தனியே போனால் ஒருவர் மாட்டிக்கொண்டாலும் இன்னொருவர் போய்ச் சேரலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

(இது காரணமா, சாக்கா என்று ஒரு கூட்டத்தில் யாராவது கேட்டிருந்தால், 'விவாதம் ஒத்திவைக்கப்பட்டது' என்று குறித்திருப்பேன்.)

3

இந்தப் பகுதியில் நான் இல்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன். அக்கா பொய் சொல்ல மாட்டாள். ஆனால் தனக்குப் பிடித்தவர்களைச் சற்று உயரமாக்கிச் சொல்வாள்.

ஓட்டுநர் கர்னைல் சிங்குக்கு அறுபது வயது. தாடி வெள்ளை, தலைப்பாகை நீலம். பாலத்தைக் கடந்து ஆற்றின் வடகரைக்கு வந்ததும் இடது பக்கம் திரும்பினார். அதுதான் சரியான வழி. நான் வரைபடத்தில் மூன்று முறை பார்த்துவிட்டேன், குறுக்கு வழி வேறு கிடையாது. முதல் பிரதியில் அவரை ஊரைச் சுற்றவிட்டிருந்தேன். அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் அன்று நடந்த தாமதம், குழப்பம் எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றியிருக்கலாம். ஒரு அந்நியரின் மேல் பழி போட்டு நம் வீட்டைக் காப்பாற்றுவது எழுத்தில் மிகச் சுலபம். அதனால்தான் அடித்தேன்.

நெய் ஜாடியின் வாசனை வண்டியெங்கும் பரவியது. பழகாதவர்களுக்கு அது தாங்காது. கர்னைல் சிங் ஜன்னலை இறக்கவில்லை. "எங்க வீட்டுல கடுகெண்ணெய் காயும்போது பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்துவாங்கம்மா. நமக்கு அதுதான் பசி வாசனை" என்றாராம்.

இது ஒன்று போதும், வெர்னாவுக்கு அவரைப் பிடித்துப் போக. எங்கே போகிறீர்கள், என்ன விஷயம் என்று அவர் கேட்டார். வெர்னா சொன்னாள். தன் பெயரை, வீட்டின் மூத்த பெயரைத் தனக்கு முன் சுமந்த ஐந்து பேரின் சொந்தப் பெயர்களை, அவர்கள் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு வந்தார்கள் என்பதை, வரிசையாக. அவர் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாராம். (இங்கேதான் அக்கா உயரமாக்குகிறாள் என்று நினைத்திருந்தேன். பின்னால் நடந்ததைப் பார்த்தவன் நானே என்பதால் விட்டுவிடுகிறேன்.)

ஆற்றோரம் அந்த மண்ணுக்காரர்களின் குடியிருப்பு வந்தபோது, "மெதுவா போ தம்பி. இவங்க வாசல் வழியா போறோம்" என்றாள். கர்னைல் சிங் வேகத்தைக் குறைத்தார். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது என்று அவள் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இருவரும் அவளுடைய பிளாஸ்க்கிலிருந்து தேநீர் குடித்தார்கள்.

4

அம்ப்ரோஸின் பயணத்தைச் சுருக்குகிறேன். வேன், பெரிய முனையம், ரயில். ரயில் ஆற்றைக் கடந்தது. எதிரே உட்கார்ந்தவன் தன்னையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. பயணச் சீட்டு இயந்திரம் மிச்சத்தைச் சரியாகக் கொடுத்ததா என்று இரண்டு நிறுத்தம் வரை யோசித்தான். நாற்பத்தொன்றாம் தெருவில் இறங்கி, மேற்கே போகும் நீளமான பஸ்ஸில் ஏறினான். இந்த பஸ்தானா என்று ஓட்டுநரைக் கேட்டான், பிறகு ஒரு மாணவியைக் கேட்டான், பிறகு இன்னொரு மாணவியைக் கேட்டான். மூவரும் ஒரே பதிலைச் சொன்னதும், மூவரும் சேர்ந்து—

இதை முடிக்காமல் விடுகிறேன். அந்த மனிதனைக் கோமாளியாக்க இந்தக் கதையை எழுதவில்லை.

பல்கலைக்கழகத்தில் இறங்கி, மழையில் குடை பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நடந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் நடைபாதை, வண்டிகள் வரும் வளைவைத் தொடாமல் கட்டடத்தின் பக்கவாட்டில் வந்து சேர்கிறது. இது முக்கியம். வாசலை அவன் அடைந்தபோது வளைவில் நின்ற டாக்ஸிகளை அவன் பார்க்கவில்லை. மணி ஒன்று நாற்பத்தைந்து.

5

அந்த வளைவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இப்போது சொல்கிறேன். கூட்டுறவுக் கடைக்காரர்கள் கவனிக்கட்டும்.

இன்னொருவர் மண்ணுக்குப் போனால் படகை விட்டு இறங்கக் கூடாது. கரையை ஒட்டி நிறுத்த வேண்டும். கரைக்காரர் வந்து நிற்க வேண்டும். நாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்ல வேண்டும். அவர் 'வாங்க' என்ற பிறகுதான் கால் நனைய வேண்டும். இதை எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. 'வாசலில் வரவேற்கப்படுவீர்கள்' என்று கடிதம் சொன்னால், வெர்னாவுக்கு அதற்கு ஒரே பொருள்தான். டாக்ஸி படகு. வளைவு கரை.

ஒன்று இருபத்தைந்துக்கு வண்டி நின்றது. வெர்னா பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் குடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாங்கம்மா, நனையாமல் உள்ளே போய்விடலாம் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண், மண்ணுக்காரி இல்லை. வெர்னா அதை விளக்கவில்லை. வரவேற்பைக் கேட்டு வாங்கினால் அது வரவேற்பே இல்லை.

"நாங்க காத்திருக்கோம்" என்றாள், அவ்வளவுதான். அந்தப் பெண் மழை விடக் காத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம், ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து வந்த எஸ்தர் என்கிற மூதாட்டி, போர்வை போர்த்து, ஒன்றேகால் மணியிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகள் வந்து கரையில் நிற்கிறார்கள் என்று சேதி வர வேண்டும், அதன் பிறகு அவர் எழுந்து வர வேண்டும். அவருக்குப் போன சேதி: 'மழை விடட்டும்னு இருக்காங்க.' சரி, விடட்டும் என்று அவரும் இருந்தார்.

அதற்குள் லெஸ்டரின் டாக்ஸி வந்து வெர்னாவின் டாக்ஸிக்குப் பின்னால் நின்றது. லெஸ்டரும் இறங்கவில்லை. அழைக்காமல் இறங்கி நடப்பவர் தன் வீட்டுக்கு முறை தெரியாது என்று தானே காட்டிக் கொடுப்பார். முறை தெரியாத வீட்டில் அகப்பை எப்படி இருந்திருக்கும்? இரண்டு டாக்ஸிகள், இரண்டு கிழங்கள், நடுவில் மழை. வெர்னாவின் கைப்பேசி அடித்தது.

"என்ன வெர்னா, இறங்கலையா?"

"நீ இறங்கலையா?"

"பெரியவங்க முன்னாடி போகட்டும்னு பாத்தேன்."

"பெரிய வீடு எதுன்னு ஒத்துக்கிட்டியே லெஸ்டர். சந்தோஷம்."

"வயச சொன்னேன்."

லெஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு லெஸ்டர், "மணி ஒண்ணே முக்கால். ரெண்டு மணிக்கு நாம உள்ள இல்லேன்னா அது பெட்டிக்குள்ளயே கிடக்கும். தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும். அதனால நீ போ."

"நீ போயேன்."

முன் சீட்டில் கர்னைல் சிங் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

6

(டோரீன், இந்தப் பகுதியை எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதே. வாசகரே, உங்கள் பிரதியில் ஐந்துக்குப் பிறகு நேராக ஏழு வந்தால் டோரீனைப் பிடித்துக் கேளுங்கள்.)

அதே ஒன்றே முக்காலுக்கு அம்ப்ரோஸ் வாசலுக்குள் நுழைந்தான். நாற்காலியில் போர்வையோடு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்தான். யாரென்று யோசிக்கவில்லை. அக்கா எப்போதோ உள்ளே போயிருப்பாள் என்று நினைத்தான். சீட்டுக் கொடுக்கும் மேசையில் ஒரு இளம்பெண். பக்கத்தில் ஒரு பலகை: பூர்வ குடியினருக்குக் கட்டணம் இல்லை.

அவன் அதைப் படித்தான். இன்னாருடைய மகன், இன்ன வீட்டான், உள்ளே இருப்பது என் வீட்டுப் பொருள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். அவள் அட்டை காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டால் என்ன செய்வது? சீட்டு விற்கும் மேசையில் நின்று தன் பிறப்பை நிரூபிப்பதா?

"முதியோர் ஒண்ணா?" என்றாள் அவள்.

"ஒண்ணு" என்றான்.

அவள் ஒரு மஞ்சள் வட்டத்தை அவனுடைய கோட்டில், நெஞ்சுக்கு மேல், ஒட்டிவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஒட்டுவது.

எங்கள் வீட்டின் பொருளைப் பார்க்க எங்கள் வீட்டான் காசு கொடுத்து உள்ளே போனான். இந்த வாக்கியத்தை ஐந்து பிரதிகளில் எழுதாமல் தப்பித்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அகப்பை தொங்கியது. அவன் நினைத்ததைவிடச் சின்னது. பின்னால் ஒரு கண்ணாடி வைத்து அடிப்புறமும் தெரியும்படி செய்திருந்தார்கள். அதன் அடியில் ஒரு வெடிப்பு உண்டு, படகு ஆணியால் தைத்திருப்பார்கள், ஏழு செம்பு ஆணி என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கள் கோரிக்கை முழுவதும் அந்த ஏழு ஆணியில் நின்றது. அம்ப்ரோஸ் எண்ணினான். ஏழுதான். ஆனால் ஒன்று மட்டும் செம்பில் படியும் பச்சை படியாமல் துருப்பிடித்திருந்தது. ஆறு செம்பு, ஒன்று இரும்பு.

பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அவன் இடது பக்கம் ஒதுங்கினான். அங்கிருந்து பார்த்தால் மட்டும் கடல்நாயின் காதுக்குக் கீழே மயிர்க்கோடு போல ஒரு கீறல் தெரிந்தது. நிமிர்ந்தபோது உயரமான கண்ணாடிச் சுவருக்கு வெளியே, வளைவில், இரண்டு டாக்ஸிகள். முன்னதின் பின்சீட்டில் அக்காவின் நிமிர்ந்த தலை.

ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. அவள் காலை நனைக்காமல் காத்திருக்கிறாள். அவன் உள்ளே நிற்கிறான்.

குடையை உள்ளேயே விட்டுவிட்டு, பக்கக் கதவு வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றி மழையில் ஓடினான். எழுபத்து மூன்று வயதில் ஓடினான். லெஸ்டரின் டாக்ஸியைக் கடந்தபோது ஜன்னல் இரண்டு விரல் அளவு இறங்கியது.

"அம்ப்ரோஸ், கோட்டுல என்னமோ ஒட்டியிருக்கு பாரு" என்றார் லெஸ்டர். ஜன்னல் ஏறிவிட்டது.

அவன் மஞ்சள் வட்டத்தைப் பிய்த்துப் பையில் திணித்தான். அக்காவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பஸ் தாமதம் என்றான். வெர்னா உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்: ஏழு செம்பு ஆணி, ஏழு செம்பு ஆணி.

"ஆறு செம்பு. ஒண்ணு இரும்பு" என்றான் அம்ப்ரோஸ்.

"அப்பா ஏழுமே செம்புன்னுதானே சொன்னாரு?"

"எங்கிட்ட இப்படிச் சொன்னாரு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோட்டு முழுவதும் நனைந்து கறுத்திருந்தது. நெஞ்சுக்கு மேல் மட்டும், ஒரு நாணயத்தைவிடப் பெரிதாக, நனையாத ஒரு வட்டம். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

7

ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் கர்னைல் சிங் கதவைத் திறந்து இறங்கினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவருக்கென்ன, அவர் படகோட்டி, கரையில் கால் வைக்கலாம். தலைப்பாகை நனைய வாசலுக்குப் போய், கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார். எங்களுக்கும் கேட்டது.

"வெளியே ரெண்டு படகு நிக்குது. முன்னாடி இருக்கறது வெர்னாம்மா." பிறகு அவளுக்கு முன் அந்தப் பெயரைச் சுமந்தவர்களை வரிசையாகச் சொன்னார். ஐந்து பெயரில் நான்கு. "பின்னாடி இருக்கறவரும் நல்ல குடும்பம்தான்னு நினைக்கிறேன். கரைக்கு வரலாமான்னு கேக்கறாங்க."

(விட்டுப்போன ஐந்தாவது பெயர் என் பெரிய தாத்தாவுடையது. அதற்காக நான் இன்னும் கர்னைல் சிங்கை மன்னிக்கவில்லை. 'நினைக்கிறேன்' என்றதற்கு லெஸ்டரும் மன்னித்திருக்க மாட்டார்.)

எஸ்தர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மழையில் வளைவு வரை வந்து, இரண்டு கையையும் உயர்த்தினார். "ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. சாப்பாடு இருக்கு, நெருப்பு இருக்கு. இறங்குங்க" என்றார். இரண்டு டாக்ஸிகளின் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. யார் கால் முதலில் தரையைத் தொட்டது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. செய்ய ஆசைதான்.

அம்ப்ரோஸைக் கடந்தபோது எஸ்தர் ஒரு கணம் நின்றாற்போல இருந்தது. பத்து நிமிடம் முன்னால் தன் நாற்காலியைத் தாண்டிப் போன ஆளை அவர் அடையாளம் கண்டாரா? தெரியாது. நெய் ஜாடியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். வெர்னா எழுந்தாள். அடியில் ஒரு வெடிப்பு, ஏழு ஆணி, ஆறு செம்பு, ஒன்று இரும்பு என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. லெஸ்டர் எழுந்தார். கடல்நாயின் இடது காதுக்குக் கீழே மயிர்க்கோடு போல ஒரு கீறல், தன் அப்பா சொன்னது என்றார். அகப்பையை எடுத்து வந்தார்கள். இரண்டும் இருந்தன.

அருங்காட்சியகத்தார் விழித்தார்கள். எஸ்தர்தான் பேசினார். "ரெண்டு பேரும் சேந்து ஊருக்குக் கொண்டு போங்க. உங்க விருந்துல, உங்க சாட்சிங்க முன்னாடி பேசித் தீத்துக்குங்க. இது எங்க மண்ணுல தீர்ற விஷயம் இல்ல."

அப்படித்தான் அகப்பை வந்தது. மருந்தகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. இரண்டு பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி.

8

எங்கள் வீட்டுப் பொருள்தான் அது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

(மேலே உள்ள வரியை நான்கு முறை எழுதினேன்.)

என் சந்தேகமெல்லாம் வேறு. லெஸ்டர் அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார். மேசையில் அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே எங்களை முடித்திருக்கலாம். சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஏன்? விருந்தில், இருநூறு சாட்சிகளுக்கு முன்னால், வெர்னா அகப்பையைத் தொடும் நேரத்தில் எழுந்து சொல்லக் காத்திருக்கிறாரா? அப்படியானால் இழிவு என் தலையில் விழாது. மூத்த பெயரைச் சுமப்பவள் தலையில் விழும். பொய் என்று தெரிந்தே அவள் பேசினாள் என்பார்கள்.

அல்லது அந்தக் கீறல். பெட்டிக்கு இடது பக்கம் நின்றால் மட்டும் தெரியும் கீறல். லெஸ்டரின் அப்பா சொல்லியிருக்கலாம். லெஸ்டர் குளிர்காலம் தோறும் முட்டி வைத்தியத்துக்கு வான்கூவர் போகிறவர். அவருடைய கோட்டு ஒன்றிலும் ஒரு மஞ்சள் வட்டம் ஒட்டியிருந்திருக்கலாம். அதனால்தான் என் கோட்டில் இருந்தது என்னவென்று இரண்டு விரல் இடுக்கில் பார்த்தே அவருக்குத் தெரிந்ததா?

முடிவுகளாக மூன்று எழுதி வைத்தேன்.

முதல் முடிவில், டோரீன் கேட்ட ஒற்றைப் பக்கத்தைக் கொடுக்கிறேன். இறங்கினோம், போனோம், பேசினோம், வந்தோம். லெஸ்டர் வாயைத் திறக்கவில்லை. வெர்னா நெய் வார்க்கிறாள். இந்த முடிவில் நான் விருந்து முழுவதும் லெஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வாய் சாப்பிடவில்லை.

இரண்டாவதில், லெஸ்டர் எழுகிறார். அவருக்கு முன் நான் எழுந்து, அவருடைய கீறலைக் கேட்கிறேன். இரண்டு வீடும் சேற்றில் விழுகிறது. இதை எழுதும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததைக் கண்டு பேனாவை மூடி வைத்தேன்.

மூன்றாவதில், வெர்னாவே எழுந்து, 'என் தம்பி கோட்டுல ஒரு இடம் மட்டும் நனையல' என்று—

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அவள் எந்தக் குரலில் சொல்வாள் என்று தெரியவில்லை.

போன வாரம் நான்காவது ஒன்று தோன்றியது. முடிவே அல்ல. டோரீனிடம் இந்த முழுப் பிரதியையும் கொடுத்துவிடுவது. அக்காவிடம் முதலில் படித்துக் காட்டலாமா என்று கேட்கப் போனேன். பத்துப் பக்கத்தைக் கையில் வாங்கினாள், கனம் பார்ப்பது போல. "ஒரு பக்கம்தானே கேட்டா?" என்றாள். "அடிச்சு அடிச்சு எழுதியிருக்க. சரி, அச்சுக்குக் குடு. நான் விருந்துல எல்லாரோடயும் படிச்சிக்கறேன்." திருப்பிக் கொடுத்துவிட்டு மீனைப் புகைக்க வெளியே போனாள்.

ஆகவே இது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. லெஸ்டர் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். பெருவிருந்துக்கு வருகிறவர் சாப்பிட மட்டும் வருவதில்லை. அவர் சாட்சி. அவர் ஒத்துக்கொண்டது நிற்கும், ஒத்துக்கொள்ளாதது நிற்காது. அகப்பை இன்னும் மேசைக்கு வரவில்லை. அலமாரியின் இரண்டாவது பூட்டை இந்நேரம் திறந்துகொண்டிருப்பார்கள். நிமிர்ந்து பாருங்கள். முதல் வரிசையில் வெர்னா இதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். எதிர் வரிசையில் லெஸ்டர்.

நான் உள்ளே இல்லை. மண்டப வாசலில், கதவுக்கு வெளியே நிற்கிறேன். இந்த முறை அழைக்காமல் நுழைவதாக இல்லை.

என் பெயர் அம்ப்ரோஸ். வெர்னாவின் தம்பி. விமான நிலையத்திலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் நடந்தும் வந்தவன். கையில் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது. கரைக்கு வரலாமா என்று கேட்கிறேன்.